இந்தியா விமானம் செய்யக் கற்ற கதை
மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர், களக்காடு



நம்ம களக்காட்டு வாழைத்தோட்டங்களுக்கு மேலே ஒரு விமானம் போனால், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருக்கிறவர்கூட மண்வெட்டியை ஊன்றிவிட்டு அண்ணாந்து பார்ப்பார். "எங்க போகுது?" என்று கேட்போம். "உள்ள எத்தனை பேரு இருப்பாங்க?" என்று கேட்போம். "இதை யாரு செஞ்சது?" என்று கேட்பவர் மிகக் குறைவு. ஆனால் டிப்ளமோ படிக்கிற நாம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். ஓட்டுகிறவர் இரண்டு பேர். செய்கிறவர்களோ ஃபிட்டர், டர்னர், வெல்டர், டிராஃப்ட்ஸ்மேன், இன்ஸ்பெக்டர் என்று ஆயிரக்கணக்கானவர்கள். விமானத்தின் சரித்திரம் என்றாலே பைலட்டுகளின் சரித்திரமாக எழுதிவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை ஒர்க்‌ஷாப் பக்கம் நின்று எழுதப்படுகிறது.

1903-ல் ரைட் சகோதரர்கள் பறந்ததை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். சார்லி டெய்லர் என்ற பெயரை யாராவது படித்தோமா? அவர் அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக். விமானத்துக்குப் போடும் அளவுக்கு எடை குறைந்த என்ஜின் எந்தக் கம்பெனியிலும் கிடைக்காமல் போனதால், ஒரு லேத்தையும் ஒரு டிரில்லிங் மெஷினையும் வைத்துக்கொண்டு, துண்டுக் காகிதத்தில் போட்ட படங்களைப் பார்த்து, ஆறே வாரத்தில் நாலு சிலிண்டர் என்ஜினைச் செய்து கொடுத்தார். கிராங்க்கேஸ் அலுமினியத்தில் வார்த்தது. சக்தி சுமார் 12 குதிரைத்திறன். இன்றைக்கு நம் தெருவில் போகிற பல பைக்குகளுக்கு அதைவிட அதிகம்! உலகின் முதல் விமானமே ஒரு மெக்கானிக் இல்லாமல் மேலே எழும்பியிருக்காது.

நம்ம ஊர்ப் பக்கம் இந்த வேலை எப்போது தொடங்கியது? ஆச்சரியப்படாதீர்கள், 1910-லேயே மெட்ராஸில் ஒரு விமானம் செய்துவிட்டார்கள். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் என்ற கார்சிகா தீவுக்காரருக்கு, 1909-ல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிப் பறந்த செய்தி கேட்டதும் ஆசை வந்துவிட்டது. தானே ஒரு வடிவம் போட்டுக் கொடுத்து, குதிரை வண்டிக்கும் மோட்டாருக்கும் பாடி கட்டிவந்த சிம்சன் கம்பெனியில் விமானம் செய்யச் சொன்னார். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் அது பறந்தது. அந்தக் கால விமானம் மரச்சட்டம், துணி, கம்பி, சிறிய என்ஜின், அவ்வளவுதான். வண்டி கட்டுகிற தச்சருக்கும் கொல்லருக்கும் அது ஒன்றும் அந்நியமான பொருள் இல்லை. ஆனால் ஒரு விமானம் செய்வது வேறு, விமானத் தொழில் என்பது வேறு. மெட்ராஸ் முயற்சி அந்த ஒன்றோடு நின்றது.

தொழிலாக அது வேர் பிடிக்க இன்னும் 30 வருஷம் ஆயிற்று. அதைத் தொடங்கியவர் வால்சந்த் ஹிராசந்த். பம்பாய்க்காரர், கட்டுமானத்திலும் கப்பலிலும் பணம் போட்டவர். 1939 அக்டோபரில், கார் தொழிற்சாலை தொடங்குவது பற்றிப் பேச அமெரிக்கா போய்விட்டுத் திரும்பும் வழியில், சான்ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பிய விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவுக்கு விமானம் விற்றும், அங்கேயே தொழிற்சாலை வைத்துப் பூட்டியும் கொடுத்துவந்தவர் பாலி. பிரயாணத்தில் பக்கத்து சீட்டில் யார் உட்காருகிறார்கள் என்பது சில சமயம் ஒரு நாட்டுக்கே முக்கியமாகிவிடுகிறது பாருங்கள்!

வெள்ளைக்கார அரசாங்கம் முதலில் ஆர்வம் காட்டவில்லை. இந்தியாவில் விமானம் செய்வதா என்ற எண்ணம்தான். 1940 நடுவில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்தது. இங்கிலாந்தில் செய்கிற விமானம் இங்கிலாந்துக்கே போதாத நிலை. அப்போதுதான் அனுமதி கிடைத்தது. எங்கே தொழிற்சாலை வைப்பது? மைசூர் சமஸ்தானத்தில் அப்போது திவானாக இருந்தவர் மிர்ஸா இஸ்மாயில். நிலமும் பணமும் கொடுக்க அவர் முன்வந்தார். மைசூரில் ஏற்கெனவே சிவசமுத்திரம் நீர்மின்சாரம் இருந்தது, பத்ராவதி இரும்பாலை இருந்தது, பெங்களூரில் டாடா ஏற்படுத்திய இந்திய அறிவியல் கழகம் இருந்தது. கடற்கரையிலிருந்து தள்ளி இருந்ததால் எதிரிக் கப்பலின் பயமும் குறைவு. 1940 டிசம்பர் 23-ம் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட் பதிவாயிற்று. 1941-ல் இந்திய அரசும் 25 லட்ச ரூபாய் போட்டு மூன்றில் ஒரு பங்குக்காரர் ஆனது. கரண்டும் இரும்பும் படிப்பும் முதலில் வந்து உட்கார்ந்த இடத்துக்குத்தான் விமானமும் வந்தது.

மெஷின்களும் முக்கிய ஆட்களும் பாலி மூலம் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். 1941 ஆகஸ்டில் முதல் விமானம் பறந்தது. ஹார்லோ என்ற அமெரிக்கப் பயிற்சி விமானம். உண்மையைச் சொன்னால், இது "செய்தது" அல்ல, "பூட்டியது". பாகங்கள் பெட்டியில் வந்தன, இங்கே சேர்த்தார்கள். அடுத்து கர்ட்டிஸ் ஹாக் சண்டை விமானம், வல்ட்டி குண்டுவீச்சு விமானம் என்று திட்டங்கள் பெரிதாகத்தான் இருந்தன.

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு உலோக விமானம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். கதையின் மிச்சம் புரிவதற்கு இது வேணும்.

1930-களில் மரமும் துணியும் போய், அலுமினியக் கலவைத் தகடு வந்துவிட்டது. இறக்கையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் உத்தரம் ஸ்பார். குறுக்கே வரிசையாக நிற்கும் விலா எலும்புகள் ரிப். மேலே தோல் மாதிரி மூடுகிற தகடு ஸ்கின். பழைய விமானத்தில் துணி வெறும் போர்வைதான், பாரத்தைத் தாங்காது. புது முறையில் அந்தத் தகடே பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. முட்டை ஓடு மெல்லியதாக இருந்தும் பலமாக இருக்கிறதே, அந்த மாதிரி. அதனால் தகட்டில் ஒரு சின்ன வெட்டு விழுந்தாலும் அது வெறும் கிழிசல் அல்ல, பலக்குறைவு.

இந்தத் தகடுகளை வெல்டிங் செய்ய முடியாது. சூடு பட்டால் கலவையின் பலம் போய்விடும். ஆகவே ரிவெட். ஒரு பெரிய விமானத்தில் லட்சக்கணக்கில் ரிவெட் இருக்கும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. தாமிரம் கலந்த அலுமினியத்தை சுமார் 495 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால், எஃகு மாதிரி உடனே கடினமாகாது. நேர்மாறாக மென்மையாக இருக்கும். பிறகு சும்மா வைத்திருந்தாலே மெல்ல மெல்லக் கடினமாகும். நம் மெட்டலர்ஜி பாடத்தில் வருகிற ஏஜ் ஹார்டனிங் இதுதான். ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வில்ம் கண்டுபிடித்தது. இப்போது ரிவெட் அடிக்கிறவருக்கு ஒரு சிக்கல்: மென்மையாக இருக்கும்போதே அடித்தாக வேண்டும். எனவே ரிவெட்டுகளை ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். குளிரில் கடினமாவது தாமதப்படும். வெளியே எடுத்தால் சுமார் 20 நிமிஷத்துக்குள் அடித்துவிட வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிறவர்களிடம் கேளுங்கள், மாவு காய்வதற்குள் இட்டு முடிக்கிற அவசரம் அவர்களுக்கு நல்லாவே தெரியும்.

இன்னொன்று ஜிக். ஒரு இறக்கையைக் கண் மதிப்பில் செய்துவிடலாம். நூறு இறக்கை செய்து, எந்த இறக்கையும் எந்த உடலோடும் பொருந்த வேண்டும் என்றால், பாகங்களை அசையாமல் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம் வேண்டும். டிரில் போடுகிற துளையின் இடத்தைக்கூட அதுவே தீர்மானிக்கும். விமானத் தொழிற்சாலையில் விமானத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது ஜிக்தான். நம் ஒர்க்‌ஷாப்பில் டிரில் ஜிக் வரைய வைக்கும்போது "இது எதுக்குடா" என்று முணுமுணுத்தவர்கள் கவனிக்க.

சரி, பெங்களூருக்குத் திரும்புவோம். 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்தது. 1942 ஏப்ரல் 5-ம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்தில். அந்த ஏப்ரலிலேயே அரசாங்கம் வால்சந்தின் பங்குகளை வாங்கிக்கொண்டு கம்பெனியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஹாக் விமானங்கள் ஒரு சில மட்டுமே வெளிவந்திருந்தன. புது விமானம் செய்கிற வேலையை நிறுத்தி, பழுது பார்க்கிற வேலை கொடுக்கப்பட்டது. 1943-ல் நிர்வாகமே அமெரிக்க விமானப்படையிடம் போனது. டகோட்டா, லிபரேட்டர், மிச்செல், கேட்டலினா என்று போர்முனையில் அடிபட்ட விமானங்கள் வரிசையாக வந்தன. கேட்டலினா தண்ணீரில் இறங்குகிற விமானம். அதற்குப் பக்கத்தில் இருந்த பெல்லந்தூர் ஏரியைப் பயன்படுத்தினார்கள்.

வால்சந்துக்கு இது பெரிய அடி, சந்தேகமில்லை. அவர் ஓயவில்லை. விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டினார், பம்பாயில் பிரீமியர் கார் செய்தார். ஆனால் என் கருத்து இதுதான்: செய்கிற வேலையிலிருந்து பழுது பார்க்கிற வேலைக்கு இறக்கப்பட்டதாகப் பலர் எழுதுகிறார்கள், உண்மையில் தொழிலாளிகளுக்கு அதுதான் நல்ல பள்ளிக்கூடமாக அமைந்தது. பெட்டியில் வந்த பாகத்தைப் பூட்டுகிறவர் படத்தில் சொன்னபடி பூட்டுவார், ஏன் என்று கேட்க வேண்டியது இல்லை. அடிபட்டு வந்ததைச் சரிசெய்கிறவர் அப்படி இருக்க முடியாது. இந்த ஸ்பாரில் எவ்வளவு பாரம் வரும், ஒட்டுத்தகடு எத்தனை அங்குலம் தாண்டிப் போக வேண்டும், எத்தனை ரிவெட் வரிசை வேண்டும் என்று தெரிந்தே தீர வேண்டும். ஒவ்வொரு விமானமும் ஒவ்வொரு விதமாக உடைந்து வரும். அதற்கெல்லாம் படம் எவனும் போட்டு வைத்திருக்க மாட்டான்.

அதே போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது, கரிவாயுவில் பஸ் ஓட்டும் கருவியைச் செய்து சமாளித்தது டி.வி.எஸ். கம்பெனி. அதைத் தொடங்கிய சுந்தரம் அய்யங்கார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர், திருக்குறுங்குடியில் பிறந்தவர். தட்டுப்பாடுதான் அங்கேயும் கற்றுக்கொடுத்தது.

பழுது பார்த்துப் பெற்ற பாடத்துக்குப் பரீட்சை 1948-ல் வந்தது. லிபரேட்டர் என்பது நாலு என்ஜின் உள்ள பெரிய குண்டுவீச்சு விமானம். இறக்கையின் நீளம் 110 அடி. ஒவ்வொரு என்ஜினும் 14 சிலிண்டர், 1,200 குதிரைத்திறன். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி வில்லோ ரன் என்ற இடத்தில் இதற்காகவே ஒரு மைல் நீளத் தொழிற்சாலை கட்டி, உச்சகட்டத்தில் ஏறத்தாழ மணிக்கு ஒன்று என்று வெளியே தள்ளியது. மொத்தம் 18,000-க்கும் மேல். போரில் பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுத்த லிபரேட்டர்களைப் போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது உபயோகப்படாமல் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்தியாவில் இருந்தவற்றைக் கான்பூரில் கொண்டுபோய் நிறுத்தி, கருவிகளை உடைத்து, தகட்டைக் கிழித்து, என்ஜினில் மண்ணைக் கொட்டிவிட்டுப் போனார்கள். இரண்டு மழைக்காலம் அப்படியே நனைந்து கிடந்தன.

சுதந்திரம் வந்தது. காஷ்மீரில் சண்டையும் வந்தது. இந்திய விமானப்படையிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வெளிநாட்டில் வாங்கக் காசும் இல்லை. கான்பூர்க் குப்பையில் கிடப்பதைப் பறக்கவைக்க முடியுமா என்று எச்.ஏ.எல்.-ஐக் கேட்டார்கள். பெங்களூரிலிருந்து ஆட்கள் கான்பூர் போனார்கள். ஒன்றில் நல்ல என்ஜின், இன்னொன்றில் நல்ல சக்கரம் என்று ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்குப் போட்டு, கிழிசலுக்குத் தகடு வைத்து, பெங்களூர்வரை பறந்தால் போதும் என்கிற அளவுக்கு ஒவ்வொன்றாகத் தேற்றினார்கள். எச்.ஏ.எல். டெஸ்ட் பைலட் ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தார். கான்பூர் எங்கே, பெங்களூர் எங்கே! ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தூரம். ஒட்டுப்போட்ட விமானம். அந்த ரிவெட்டை அடித்தவர்களை நம்பித்தான் அவர் ஏறி உட்கார்ந்தார். பெங்களூரில் முழு ஓவர்ஹால் நடந்தது. இப்படி 42 லிபரேட்டர்கள் உயிர்பெற்றன. 1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு விமானப்படையின் 5-ம் ஸ்குவாட்ரன் உருவாயிற்று. கடைசி லிபரேட்டர் ஓய்வு பெற்றது 1968 டிசம்பரில். உடைத்துப் போட்டவர்கள் இருபது வருஷம் ஓடும் என்று நினைத்திருப்பார்களா?

இதே சமயத்தில் எச்.ஏ.எல். ரயில் பெட்டியும் பஸ் பாடியும் செய்தது என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. போர் முடிந்ததும் வேலை இல்லை. தகடும் ரிவெட்டும் தெரிந்த ஆட்களைக் கலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. முழு உலோக ரயில் பெட்டி அவர்களுக்குச் சோறு போட்டது. பிற்பாடு 1964-ல் அந்தப் பிரிவு பெமல் கம்பெனிக்குப் போனது.

இனி சொந்த வடிவமைப்பு. டாக்டர் வி.எம்.காட்கே ஜெர்மனியில் காட்டிங்கனில் பிராண்டில் என்ற மேதையிடம் படித்தவர். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பவுண்டரி லேயர் என்று படிக்கிறோமே, அதைச் சொன்ன அதே பிராண்டில்தான். எச்.ஏ.எல்.-லுக்காகப் பத்துப் பேர் உட்காரும் கிளைடர் ஒன்றைப் போர்க்காலத்திலேயே வடிவமைத்தார். 1942-ல் இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல் துறை தொடங்கியபோது அதற்கும் அவர்தான் தலைமை. பிறகு எச்.ஏ.எல்.-லில் அவர் தலைமையில் உருவானது எச்.டி.-2. இரண்டு பேர் முன்பின்னாக உட்காரும் பயிற்சி விமானம், முழுக்க உலோகம். 1951 ஆகஸ்டில் முதலில் பறந்தது. ஓட்டியவர் அதே முன்ஷி. சுமார் 170 விமானங்கள் செய்தார்கள். மரமும் துணியுமான டைகர் மாத்தில் கற்றுவந்த நம் பைலட்டுகள் இந்திய விமானத்தில் கற்கத் தொடங்கினார்கள். கானா நாட்டுக்கும் சில போயின.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எச்.டி.-2-வின் உடல் நம்முடையது. 155 குதிரைத்திறன் சிர்ரஸ் மேஜர் என்ஜின் பிரிட்டனுடையது. சிறிய விமானத்தில் இது பெரிதாக உறுத்தவில்லை. அடுத்ததில் உறுத்தியது.

1956-ல் கர்ட் டாங்க் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் வடிவமைப்பாளர் தன் குழுவோடு பெங்களூர் வந்தார். போரில் ஜெர்மனியின் ஃபோக்கெ-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்தவர். அவரும் நம்மவர்களும் சேர்ந்து செய்த ஜெட் போர் விமானம் மாருத். முதலில் மரத்தில் முழு அளவு கிளைடராகச் செய்து, இன்னொரு விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டு வடிவத்தைச் சோதித்தார்கள். 1961 ஜூன் 17-ல் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ் மாருத்தை முதலில் ஓட்டினார். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் என்று குறி வைத்த வடிவம். அதற்கு ஏற்ற சக்திவாய்ந்த ஆர்ஃபியஸ் என்ஜினை பிரிட்டனில் உருவாக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவில் பங்கு கேட்டார்கள், நம் அரசு கொடுக்கவில்லை, என்ஜின் திட்டம் நின்றது. சக்தி குறைந்த பழைய ஆர்ஃபியஸ் இரண்டைப் போட்டுத்தான் மாருத் கடைசிவரை பறந்தது. மொத்தம் 147 விமானங்கள். 1971 போரில் ராஜஸ்தான் முனையில் நல்ல பேர் எடுத்தன. ஆனாலும் குறி வைத்த வேகத்தை அவை தொடவே இல்லை. என்ஜினின் சக்தியைக் கூட்ட முயன்ற மாதிரி ஒன்றைச் சோதித்தபோதுதான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் விபத்தில் இறந்தார். அந்த வயிற்றெரிச்சல் எனக்குப் படிக்கும்போதெல்லாம் வரும். செலவை மிச்சம் பிடித்தோம், எதை இழந்தோம்?

அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 2001-ல் முதலில் பறந்த தேஜஸ் விமானம் நம் வடிவம்தான். 2018-ல் கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்கே ஒரு ஸ்குவாட்ரன் வந்தது. ஆனால் என்ஜின் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக். ஜெட் என்ஜினில் சிரமம் எங்கே என்றால், டர்பைன் பிளேடு. அது சுற்றுகிற இடத்தில் வாயுவின் வெப்பம் அந்த உலோகம் உருகுகிற வெப்பத்தைவிட அதிகம். பிளேடுக்குள்ளேயே சிறு சிறு துளை விட்டுக் காற்றைச் செலுத்தி அதைக் காப்பாற்றுகிறார்கள். ஒரே படிகமாக வார்க்கிறார்கள். இந்த வார்ப்புக் கலையை எந்த நாடும் இன்னொரு நாட்டுக்கு லேசில் சொல்லித் தருவதில்லை. நமக்குத் தெற்கே மகேந்திரகிரியில் ராக்கெட்டின் திரவ என்ஜின்களைச் சோதிக்கிறார்களே, அது முடிகிறபோது இது ஏன் இழுக்கிறது என்று கேட்கலாம். ராக்கெட் என்ஜின் சில நிமிஷங்கள் எரிந்தால் அதன் வேலை முடிந்தது. விமான என்ஜின் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட வேண்டும்.

1964 அக்டோபர் 1-ல், மிக் விமானத்துக்காகத் தொடங்கப்பட்ட இன்னொரு அரசுக் கம்பெனியோடு சேர்ந்து ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் லிமிடெட் என்ற இன்றைய பெயர் வந்தது. தமிழ்நாட்டு ஆட்களுக்கும் இதற்கும் உறவு பழையது. 1949-ல் சி.ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.-யைத் தொடங்கியபோதே விமானப் பொறியியல் அங்கே ஒரு பாடம். அதைப் படித்த ராமேஸ்வரத்து அப்துல் கலாம், பயிற்சிக்குப் போனது எச்.ஏ.எல்.-லுக்குத்தான். அங்கே அவர் செய்தது என்ஜின் ஓவர்ஹால். கையில் கிரீஸ் படாமல் அவரும் மேலே வரவில்லை. டிப்ளமோ முடித்தவர்களை அப்ரண்டிசாகவும் டெக்னீசியனாகவும் எச்.ஏ.எல். எடுக்கிறது. விளம்பரம் வரும்போது பாருங்கள்.

பெங்களூர் போகிறவர்கள் பழைய ஏர்போர்ட் ரோட்டில் இருக்கும் எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் எச்.டி.-2-வையும் மாருத்தையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ரிவெட் வரிசையை எண்ணிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. லிபரேட்டரைப் பார்க்க டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம் போக வேண்டும். கான்பூரில் உடைபட்டுப் பெங்களூரில் தேறிய லிபரேட்டர் ஒன்றை அமெரிக்காவில் வாங்கிப் புதுப்பித்து 1989-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானப்படையின் அருங்காட்சியகத்தில் நிற்கிற லிபரேட்டரும் அவர்கள் இந்தியாவில் விட்டுவிட்டுப் போனதுதான். 1974-ல் இந்திய விமானப்படை அதை அவர்களுக்கே பரிசாகக் கொடுத்தது.